புகைச் சான்றுக்கு எல்லை இல்லை

பாறசாலையில் கே.எல். 19, நெய்யாற்றின்கரையில் கே.எல். 20, களியக்காவிளை தாண்டினால் டி.என். 75. நம்பர் பலகை மாறினாலும் புகைச் சான்று ஒன்றுதான். 2021 முதல் நாடு முழுவதற்கும் ஒரே படிவம், கியூ.ஆர். குறியீட்டுடன்.

வண்டிக்கு முதல் சான்று தொழிற்சாலை நாளிலேயே கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு வண்டியை புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள மையம் போன்ற வாகன ஆய்வகங்கள் சோதிக்கின்றன. சக்கரங்கள் உருளைமேல் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே "ஓடுகிறது". வெளியேறும் வாயு பைகளில் பிடிக்கப்பட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளக்கப்படுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 6 மாசு விதி. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது.

பதிவாகி ஓராண்டு கழிந்ததும் சாலையோரப் புகைப் பரிசோதனைக் கடையின் முறை. பெட்ரோல் வண்டி நின்றபடி உறும, சைலன்சருக்குள் குழாயைச் செருகி கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, கரும்புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். நம்பர் பலகையின் படமும் சான்றில் ஏறும். பி.எஸ். 4, 6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். பழையவற்றுக்கு ஆறு மாதம். ஆய்வகம் அவ்வளவு கறாராகப் பிடித்த நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் இந்தக் கடைக் கருவி கேட்பதேயில்லை.