காரீயமும் குழந்தையின் மூளையும்

மனிதன் நிலத்தை அகழ்ந்து பெற்ற உலோகங்கள் அவனுடைய நாகரிகத்தை வளர்த்தன. அவற்றுட் சில அவனுடைய உடலுக்கும் இன்றியமையாதன. குருதியின் செந்நிறத்துக்கு இரும்பு வேண்டும். செம்பும் நாகமும் சிற்றளவில் உடலுக்கு உறுதுணையாவன. ஆயின், எத்துணைச் சிறிய அளவிலும் உடலுக்கு யாதொரு பயனுஞ் செய்யாத உலோகமொன்று உண்டு. அதுவே காரீயம்.

தமிழில் ஈயம் என்னுஞ் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குவதால், முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்திற் பூசப்படுவது வெள்ளீயம். அது இங்கு ஆராயப்படும் பொருளன்று. இக்கட்டுரையில் ஈயம் என வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும். இவ்வுலோகம் மென்மையானது, குறைந்த வெப்பத்தில் உருகுவது, எளிதில் துருப்பிடியாதது. ஆதலின் உரோமர் இதனால் நீர்க்குழாய்கள் அமைத்தனர். பின்வந்தோர் வண்ணப்பூச்சிலும், அச்செழுத்திலும், மின்கல அடுக்கிலும் இதனைப் பயன்படுத்தினர்.

இதன் தீமை முன்னோர் அறியாத ஒன்றன்று. கி. மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விற்றுருவியசு, ஈயத் தொழிலாளர் உடல் வெளிறியிருத்தலைச் சுட்டி, நீரைக் கொண்டு செல்ல மண்குழாயே நன்று எனக் கூறினார். அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் மருத்துவராயிருந்த லொக்காட் கிப்சன், சிறுவரைப் பீடித்த ஈய நஞ்சுக்கு வீட்டு விறாந்தைகளிற் பூசப்பட்ட வண்ணமே காரணமென 1904ஆம் ஆண்டில் எழுதினார். இவ்வாறு அறிந்திருந்தும், இருபதாம் நூற்றாண்டு ஈயத்தை முன்னொருபோதும் இல்லாத அளவிற் காற்றிற் கலந்தது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், அதனை விஞ்ஞானம் எவ்வாறு கண்டறிந்தது என்பதும் ஆசிரியரும் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

பெற்றோலிற் புகுந்த ஈயம்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் எரிபொருள் உரிய காலத்துக்கு முன்னரே வெடிக்குமாயின் தட்டோசை எழும், வலுவுங் குறையும். இக்குறையை நீக்க வழி தேடிய அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மிட்ஜ்லி, நால் எதயில் ஈயம் என்னுஞ் சேர்வையைப் பெற்றோலுடன் சிறிதளவு கலப்பின் அவ்வோசை அடங்குதலை 1921 டிசெம்பரிற் கண்டார். 1923இல் ஒகையோ மாநிலத்தில் இப்பெற்றோல் விற்பனைக்கு வந்தது.

மறு ஆண்டிலேயே எச்சரிக்கை தோன்றியது. 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியிலிருந்த ஆலையொன்றில் இச்சேர்வையைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். 1925இல் வாசிங்டனிற் கூடிய மாநாட்டில், தொழில்சார் நோய்களை ஆராய்ந்து புகழ்பெற்ற பெண் மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் அடுத்த ஆண்டில் நிபுணர் குழு, தடை விதித்தற்குப் போதிய சான்றில்லை என முடிவு செய்தது. விற்பனை மீண்டுந் தொடங்கிற்று.

அதன்பின் பல ஆண்டுகள் இத்துறையில் மேலோங்கி நின்ற கருத்து, மருத்துவ அறிஞர் றொபேட் கீஹோவினுடையது. ஆலையிலே தொழில் செய்யாதாருடைய உடலிலும் ஈயங் காணப்படுதலை அவர் அளந்து காட்டினார். ஆதலின் ஈயம் உடலில் இயல்பாகவே உள்ளதென்றும், குறித்தவோர் எல்லையைத் தாண்டினாலன்றித் தீங்கில்லையென்றும் வாதித்தார். அவருடைய அளவீட்டிற் பிழையில்லை. அனுமானத்திலேதான் பிழை இருந்தது. எல்லாரிடத்துங் காணப்படுவது இயல்பானதே என்பது எவ்வாறு பெறப்படும்? ஊரிலுள்ள கிணறுகள் அனைத்தும் உவராயிருப்பின், நீரின் இயல்பு உவர்ப்பெனக் கொள்ளலாகுமா?

பூமியின் வயதும் ஈயத்தின் மாசும்

இவ்வினாவை எழுப்பியவர் மருத்துவர் அல்லர். பூமியின் வயதைக் கணிக்க முயன்ற இரசாயனவியலாளர் கிளெயர் பற்றர்சன் என்பவர். யுரேனியம் காலப்போக்கில் தேய்ந்து ஈயமாக மாறும். யுரேனியம் 238 ஈயம் 206 ஆகவும், யுரேனியம் 235 ஈயம் 207 ஆகவும் முடிவுறும். இம்மாற்றம் நிகழும் வேகம் தெரிந்தமையால், பாறையிலுள்ள ஈயச் சமதானிகளின் விகிதத்தை அளந்து அதன் வயதைக் கணிக்கலாம்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் இப்பணியைத் தொடங்கிய பற்றர்சன், தம் மாதிரிகளில் இருக்கவேண்டிய அளவினும் மிக மிகுதியான ஈயத்தைக் கண்டு திகைத்தார். அவ்வீயம் பாறையினின்றும் வந்ததன்று. ஆய்வுகூடத்தின் காற்றிலும், கண்ணாடிக் கலங்களிலும், இரசாயனப் பொருள்களிலும், ஆய்வாளரின் ஆடையிலுங்கூட இருந்து வந்தது. பின்னர் கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவகத்தில், தூசி புகாத ஆய்வுகூடமொன்றை அவர் அரிதின் முயன்று அமைத்தார். அதன் பயனாக, விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என 1956இல் வெளியிட்டார். அக்கணிப்பு இன்றும் பெரிதும் மாறாது நிற்கின்றது.

தம் ஆய்வுகூடத்தை மாசுபடுத்திய ஈயம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அவரை விட்டகலவில்லை. கடல்நீரை ஆராய்ந்தார், ஆழத்தினும் மேற்பரப்பிலே ஈயம் மிகுந்திருந்தது. இயற்கையாகச் சேர்ந்ததாயின் இவ்வேறுபாடு தோன்றக் காரணமில்லை. அண்மைக் காலத்திற் காற்றின் வழியாக வந்து வீழ்ந்திருத்தல் வேண்டும். கிறீன்லாந்தின் பனிப்படைகளை அவருங் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட முடிவு இதனை உறுதிப்படுத்தியது. ஆண்டுதோறும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்த பனி, காலத்தின் ஏடுகள் போன்றது. அவ்வேடுகளில் ஈயத்தின் அளவு கைத்தொழிற் புரட்சியோடு உயர்ந்து, 1940ஆம் ஆண்டுக்குப் பின் செங்குத்தாக ஏறியிருந்தது.

இதற்கு முன்னரே, 1965இல், பற்றர்சன் வெளியிட்ட கட்டுரையொன்று பெரும் வாதத்தை எழுப்பியது. வழக்கமான அளவு வேறு, இயற்கையான அளவு வேறு என்பதே அதன் சாரம். அக்கால அமெரிக்கர் உடலில் இருந்த ஈயம், இயற்கையாக இருக்கக்கூடியதிலும் ஏறக்குறைய நூறு மடங்கு என அவர் கணித்தார்.

பாற்பற்கள் கூறிய சான்று

உடலில் ஈயம் மிகுந்துள்ளது என்பது தெளிவாயிற்று. நோயின் அறிகுறி ஏதுமின்றி ஓடியாடித் திரியும் குழந்தைக்கு அதனால் தீங்குண்டா என்பது அடுத்த வினா. குருதியைச் சோதிப்பின் அண்மையிற் புகுந்த ஈயமே புலப்படும். பழைய ஈயம் எலும்பிலும் பல்லிலும் உறையும். குழந்தைகளின் விழுந்த பாற்பற்களே அவர்தம் கடந்த காலத்தின் பதிவேடு என்பதை உணர்ந்தார் அமெரிக்க மருத்துவர் ஹேர்பேட் நீடில்மன்.

மசச்சூசெற்சு மாநிலத்தின் இரு நகரங்களில் முதலாம், இரண்டாம் வகுப்பு மாணவரின் பற்களை அவர் சேகரித்தார். ஈயம் மிகுந்த பற்களையுடைய 58 பேரையும், குறைந்த பற்களையுடைய 100 பேரையும் ஒப்புநோக்கியபோது, முன்னையோரின் நுண்ணறிவு ஈவு சராசரியாக நாலரைப் புள்ளி குறைந்திருந்தது. இவர்களுள் ஒருவரும் நோயாளராகக் கருதப்பட்டவரல்லர். இம்முடிவு 1979இல் வெளியாயிற்று.

ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க பகுதியொன்று இவ்வாராய்ச்சியில் உண்டு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைப்பற்றி அவர்தம் ஆசிரியரிடம் வினாக்கள் விடுக்கப்பட்டன. மாணவன் கவனஞ் சிதறுபவனா, தொடங்கிய வேலையை முடிப்பவனா, பகற்கனவு காண்பவனா, சொல்லியதை வரிசைப்படி செய்யவல்லனா என்பன அவை. பல்லில் எவ்வளவு ஈயம் என்பதை அவ்வாசிரியர் அறியார். ஆயினும், பல்லில் ஈயம் படிப்படியாக உயர, அவர்கள் குறித்த குறைகளும் படிப்படியாக உயர்ந்தன. அதே மாணவருட் சிலரை மீண்டும் ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட முடிவின்படி, பல்லில் ஈயம் மிகுந்திருந்தோர் உயர்நிலைக் கல்வியை முடியாது விடும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறக்குறைய ஏழு மடங்காயிருந்தது.

நாலரைப் புள்ளி பெரிதா என ஒருவர் வினவலாம். தனியொருவரிடத்து அது சிறிதே. ஆயின் ஒரு சமுதாயம் முழுவதன் சராசரியும் 100இலிருந்து 95ஆகத் தாழுமாயின் நிகழ்வதென்ன? 130க்கு மேற்பட்ட பேரறிவுடையோர் நூற்றுக்கு 2.3 பேரிலிருந்து 1 பேராகக் குறைவர். 70க்குக் கீழ்ப்பட்டோர் 2.3 பேரிலிருந்து 4.8 பேராகப் பெருகுவர். நடுவிலே தோன்றும் சிறு சரிவு ஓரங்களிலே பெரும் பள்ளமாகும்.

உடலினுள் நிகழ்வது

ஈயத்தின் கொடுமை அதன் வேடத்திலே உள்ளது. உடல் அதனைக் கல்சியம் என மயங்கி ஏற்கின்றது. வளர்ந்தோர் உணவோடு உட்கொள்ளும் ஈயத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே குருதியிற் சேர, குழந்தைகளிடத்து அது பாதியளவுக்கும் உயரக்கூடும். கல்சியமும் இரும்பும் குறைந்த உணவையுண்ணும் குழந்தையின் உடல் ஈயத்தை இன்னும் ஆவலோடு பற்றும். வறுமை நஞ்சுக்கும் வாயில் திறந்துவிடுகின்றது. குருதியிலுள்ள ஈயம் ஒரு மாத அளவிற் பாதியாகக் குறையும். எலும்பிலுள்ளதோ பல பத்தாண்டுகள் நிலைக்கும்.

எலும்பிற் சேர்ந்தது என்றும் அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை. கருவுற்ற தாயின் எலும்பினின்று கல்சியம் இளகும்போது ஈயமும் உடன் இளகிச் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைகின்றது. இதனை 1990களில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் பிறையன் குல்சன் நுட்பமாக நிறுவினார். கிழக்கு ஐரோப்பாவினின்று குடிபெயர்ந்து வந்த பெண்களின் எலும்பிலிருந்த ஈயத்தின் சமதானி விகிதம் அவுஸ்திரேலிய ஈயத்தினின்றும் வேறுபட்டது. அவர்கள் கருவுற்ற காலத்திற் குருதியில் வெளிப்பட்டது பழைய நாட்டின் ஈயமே. பூமியின் வயதைக் காட்டிய அதே முறை, தாயின் கடந்த காலம் சேயைத் தொடருதலையுங் காட்டிற்று.

பரம்பரையலகின் பங்கு

ஒரே சூழலில் வாழ்வோர் யாவரும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை. இதற்குப் பிறப்புரிமையியல் ஒரு விடை தருகின்றது. குருதியின் செந்நிறப் பொருளை ஆக்கும் வழியில் உதவும் நொதியங்களுள் ஒன்றை ஈயம் செயலிழக்கச் செய்யும். அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதற்கு இரு வடிவங்கள் உண்டு. இவற்றிடையே உள்ள வேறுபாடு ஒரேயோர் அமினோ அமிலமே. இரண்டாம் வடிவத்தைப் பெற்றோரின் நொதியம் ஈயத்தை இறுகப் பிணிப்பதால், ஈயத் தொழில் செய்யுங்கால் அவர்தம் குருதியில் ஈயம் மிகுந்து நிற்றல் 1991இல் வெளியான ஆய்விற் காட்டப்பட்டது.

இவ்வறிவு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லலாகாது. பரம்பரையலகு ஈயத்தை ஆக்குவதில்லை. வந்த ஈயத்தை உடல் ஏற்கும் முறையையே வேறுபடுத்துகின்றது. காற்றிலும் நீரிலும் ஈயமில்லையேல் இவ்வேறுபாட்டாற் கேடு விளையாது. ஆதலின் தொழிலாளரைப் பரம்பரையாற் பகுத்து ஒதுக்குதலினும், தொழிற்களத்தைத் தூய்மை செய்தலே அறமும் அறிவுமாகும்.

மருந்தும் அதன் எல்லையும்

ஈயத்தைப் பிணித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் உண்டு. கடும் நஞ்சேற்றத்தில் அவை உயிர் காப்பன. ஆயின் மூளைக்கு நேர்ந்த இழப்பை அவை மீட்குமா? ஐக்கிய அமெரிக்காவில் 780 குழந்தைகளிடத்து நிகழ்ந்த சோதனை 2001இல் இதற்கு விடை கூறிற்று. மருந்து குருதியிலுள்ள ஈயத்தைக் குறைத்தது. அறிவுத் திறனை உயர்த்தவில்லை. நோய் வந்தபின் நாடும் மருத்துவம் இங்கே தோற்கின்றது. வருமுன் காத்தலொன்றே வழியாகின்றது.

காத்தலால் விளைந்த பயனோ வியக்கத்தக்கது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் பெற்றோலின் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கினர். 1996இல் வீதி வாகனங்களுக்கு அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குருதியில் 1970களின் இறுதியில் டெசிலீற்றருக்குச் சராசரி 15 மைக்குரோகிராமாயிருந்த ஈயம், இன்று ஒன்றினுங் குறைவாகும். இந்தியாவில் 2000இலும், இலங்கையில் 2002இலும் ஈயப் பெற்றோல் விடைபெற்றது. இறுதியாக அல்சீரியா 2021இல் அதனைக் கைவிட, உலகெங்கணும் மோட்டார் வண்டிகளின் பெற்றோலில் ஈயம் ஒழிந்தது.

எனினும் கதை முடிந்துவிடவில்லை. உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவர், அஃதாவது ஏறக்குறைய 80 கோடிப் பேர், குருதியில் 5 மைக்குரோகிராமோ அதனின் மேலோ ஈயமுடையவர் என ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 2020இல் அறிவித்தது. பழைய மின்கல அடுக்குகளை வீட்டு முற்றங்களில் உடைத்து உருக்குதல், ஈயங் கலந்த வண்ணப்பூச்சு, மெருகிட்ட மட்கலம், கலப்படப் பலசரக்கு என்பன இன்றைய வாயில்கள். வங்காளதேசத்தில் மஞ்சளின் நிறத்தைப் பொலிவாக்க ஈயக் குரோமேற்றுப் பொடியைத் தூவியமை 2019இல் வெளிப்பட்டது. அவ்வாண்டிற் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயங் காணப்பட்டது. ஆராய்ச்சியாளர் உண்மையை எடுத்துரைக்க, அரசு வணிகரை எச்சரித்துத் தண்டிக்க, 2021இல் அது ஒன்றுமில்லையாயிற்று. சட்டமும் அறிவும் கைகோத்தால் இரண்டாண்டிற் செய்யத்தக்கது எது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன இரண்டு. ஒன்று, பல ஆண்டுகள் பழகிவிட்டமையால் ஒரு தீமை இயல்பாகிவிடாது. வழக்கத்தையும் இயற்கையையும் வேறுபிரித்துக் காண்பதே விஞ்ஞான நோக்கு. மற்றையது, வகுப்பறையைச் சார்ந்தது. பின்வாங்கில் இருந்து பகற்கனவு காணும் சிறுவனைச் சோம்பேறி என்றும், அவன் தலைவிதி என்றும், குலவழி என்றும் கூறுதல் எளிது. அவன் நாவிற் பட்ட தூசியும், அவன் தாய் சுவாசித்த காற்றும் அம்மந்தத்துக்குக் காரணமாயிருக்கலாம் என நீடில்மன் சேகரித்த சின்னஞ்சிறு பற்கள் உணர்த்துகின்றன. அம்மாணவனைக் கடியுமுன் அவன் வாழுஞ் சூழலையும் ஒருமுறை நோக்குதல் நல்லாசிரியர்க்குக் கடனாகும்.