மாதிரிக் காட்சியும் வரலாற்று உண்மையும்: சிலிம் ரிவர்ச் சாலையில் எந்தக் கவசவண்டி?

போர்க்கால நிகழ்ச்சியொன்றைச் சிற்றுருவங்களால் மேசைமீது அமைத்துக் காட்டும் கலை மாணவரிடையே விருப்பத்துக்குரியது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் மாணவர் இத்தகைய காட்சி அமைக்க விரும்பினால் தொலைநாட்டுப் போர்க்களத்தைத் தேட வேண்டுவதில்லை. கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ரப்பர்த் தோட்டங்களை ஊடுருவிச் செல்லும் சாலையில், 1942 ஜனவரி 7-ஆம் நாள் நிகழ்ந்த சிலிம் ரிவர்ப் போர் இந்நாட்டின் தலைவிதியை மாற்றியது. அதற்கு நான்கு நாட்களுக்குப் பின், ஜனவரி 11-ஆம் நாள், கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று.

இக்காட்சியை அமைப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் அழகான டாங்கியை வாங்கிச் சாலையில் நிறுத்திவிடுவர். அமெரிக்க ஷெர்மன் டாங்கி முதன்முதல் போரிட்டது 1942 அக்டோபரில், எகிப்து நாட்டு எல் அலமெய்னில். ஜெர்மானியரின் டைகர் களம் கண்டதும் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான். ஜனவரியில் நடந்த போரில் இவை இடம்பெறல் எங்ஙனம்? ஆதலின், வண்டியைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எந்த நாள்? எந்த இடம்? எந்தப் படை?

முதலில் பிரிட்டிஷ் தரப்பை நோக்குவோம். சிலிம் ரிவரில் அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அடர்ந்த காடும் சதுப்பும் நிறைந்த மலாயாவில் டாங்கிப் படைக்கு வேலையில்லை என்ற எண்ணம் மேலிடத்தில் நிலவியது. கிடைத்த டாங்கிகளும் வேறு போர்முனைகளுக்கே சென்றன. பழைய இலகு டாங்கிகள் சில சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது ஜனவரி மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. தீபகற்பமோ ஏறக்குறையக் கைநழுவிவிட்டது. மலாயாப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் ஓடியவை ஆறு சக்கர லான்செஸ்டர் கவசமோட்டார், தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் கவசமோட்டார், மேற்கூரையில்லாத சங்கிலிச்சக்கரப் ‘பிரென் கேரியர்’ முதலியனவே. இவற்றுள் லான்செஸ்டர் முந்திய பத்தாண்டின் தொடக்கத்திலேயே செய்து முடிக்கப்பட்ட பழைய வண்டி.

ஜப்பானியர் தரப்பில் இரண்டு டாங்கிகள் முதன்மையானவை. ஒன்று 95-ஆம் வகை இலகு டாங்கி. மற்றொன்று 97-ஆம் வகை நடுத்தர டாங்கி. ஜப்பானியர் தம் முதற் பேரரசரின் காலந்தொட்டு ஆண்டுகளை எண்ணினர். அக்கணக்கில் 2595 என்பது 1935. 2597 என்பது 1937. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே வண்டிக்குப் பெயராயின.

இவற்றை வேறுபடுத்தி அறிதல் எளிது. 95-ஆம் வகையில் பக்கத்துக்கு நான்கு பெரிய உருளைச் சக்கரங்கள். 97-ஆம் வகையில் ஆறு. முன்னது 7 டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையும் 37 மில்லிமீட்டர் பீரங்கியும் உடையது. உள்ளே மூவர் இருப்பர். பின்னது 15 டன் எடையும் 57 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்டது, அதில் நால்வர். 97-ஆம் வகைக்கே பின்னர் 47 மில்லிமீட்டர் நீள்பீரங்கி பொருத்திய புதிய கோபுரம் வந்தது. மாதிரி விற்பனையில் இரண்டும் ஒரே பெயரில் வரக்கூடும். சிலிம் ரிவருக்கு நீள்பீரங்கி வண்டி பொருந்தாது. குட்டையான பீரங்கி உடையதையே வாங்க வேண்டும்.

அளவும் ஒத்திருத்தல் வேண்டும். மெய்வண்டியை 35-இல் ஒரு பங்காகக் குறைத்தால், ஐந்தரை மீட்டர் நீளமுள்ள 97-ஆம் வகை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் ஆகும். 14 மீட்டர் உயர ரப்பர் மரம் 40 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். வண்டியை அளவோடு செய்து, மரத்தை அளவுக்குப் பொருந்தாமல் மிகக் குட்டையாக நட்டால், தோட்டம் தோட்டமாகத் தோன்றாது, புதர்க்காடாகவே தோன்றும்.

தோட்டம் இங்கே வெறும் பின்னணியன்று. போரின் காரணங்களுள் ஒன்று. சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களிடையே மறைந்து கிடந்தன. துரோலாக்கை ஒட்டிய தடைகளை ஜப்பானிய டாங்கிகள் அவ்வளைவுகளின் வழியே சுற்றிக் கடந்தன. தாக்குதல் விடியுமுன் இருளில் தொடங்கியது. முதல் அடி ஹைதராபாத் படைப்பிரிவின்மீது விழுந்தது. அடுத்துப் பஞ்சாபியர், ஸ்காட்லாந்தியர், கூர்க்கர் என வரிசையாகச் சிதறினர். டாங்கிகளை எதிர்க்கப் போதிய பீரங்கியோ கண்ணிவெடியோ அவர்களிடம் இல்லை. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிகளின் கம்பிகளை வத்தனாபே என்ற ஜப்பானிய அதிகாரி அறுத்துவிட்டார். அன்று காலைக்குள் டாங்கிகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் முன்னேறின.

டாங்கிகளைத் தடுக்க இயலாது என்பதும் உண்மையன்று. ஜனவரி 18-ஆம் நாள் மூவாரை அடுத்த பக்ரிச் சாலையில் ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் 95-ஆம் வகை டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைத்தன. ஆகவே பக்ரிக் காட்சிக்கு இலகு டாங்கி போதும். சிலிம் ரிவர்க் காட்சியிலோ நடுத்தர டாங்கி கட்டாயம் வேண்டும்.

அவசரகாலக் காட்சிக்கும் இவ்விதியே. ஆணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டது 1951 அக்டோபர் 6. சாரசன் கவசவண்டி உற்பத்திக்கு வந்தது 1952-இல். அக்காட்சியில் சாரசன் நின்றால் காலம் பிறழும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். சிலிம் ரிவர்ச் சாலையில் பிரிட்டிஷ் டாங்கி ஒன்றை வைத்தால், காண்போர் சமமான இருவர் பொருதனர் என்று எண்ணுவர். உண்மையில் நேர்ந்ததோ, ஆயத்தமின்றி நிறுத்தப்பட்ட வீரர்கள் இரும்பின்முன் நசுங்கியது. அவருட் பலர் இந்தியர். அத்தோல்விக்குப் பின் வந்த ஆட்சியில்தான் நம் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பெருந்தொகையினர் மீளாமற் போயினர். ஆகவே, பிரிட்டிஷ் பக்கத்தில் டாங்கியின் இடத்தை வெறுமையாக விடுவதே அக்காட்சியின் தலையாய உண்மை. அந்த வெறுமை ஏன் என்று பார்க்கும் சிறுவன் ஒருவன் கேட்பானாயின், காட்சி அமைத்தவரின் உழைப்பு பயனுற்றதாகும்.