ஊதியமற்ற தொண்டும் பாடசாலை நிர்வாகமும்: புத்தூரை முன்வைத்து ஒரு நோக்கு

பாடசாலை நிர்வாகத்திற் பங்குகொள்வோருக்குக் கொடுப்பனவு வழங்கலாமா என்ற வினா எழும்போதெல்லாம், கல்வித் தொண்டு கூலிக்குரியதன்று என்ற விடை உடன்வந்துவிடுகின்றது. அவ்விடையின் சமூக அடித்தளத்தை நாம் நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை மிஷன்களும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும், தனியாரும் நீண்டகாலம் முகாமை செய்தனர். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு நிதி வழங்கிற்று; நியமன அதிகாரமோ முகாமையாளரிடம் இருந்தது. ஊதியமின்றி முகாமை செய்ய ஓய்வும் உடைமையும் வேண்டும். அவை நிலவுடைமையாளரிடமும் உயர் உத்தியோகத்தரிடமும் இருந்தன. சாதியமைப்பின் அடிநிலையில் வைக்கப்பட்டோரிடம் இருக்கவில்லை. ஆகவே, தொண்டு என்பது அதிகாரத்துக்குரிய சொத்துத் தகைமையாகவும் தொழிற்பட்டது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரச முகாமையின்கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் ஊதியமற்ற தொண்டு என்னும் கருத்து மறையவில்லை.

இன்று அரச பாடசாலைகளில் அதிபரைத் தலைவராகக் கொண்ட அபிவிருத்திச் சங்கங்கள் இயங்குகின்றன. பெற்றோரும் அவற்றின் செயற்குழுவில் இடம்பெறலாம், ஊதியம் இல்லை. புத்தூரின் செம்மண் தோட்டங்களில் நாட்கூலிக்கு உழைக்கும் தாயொருத்தி அக்குழுவுக்குத் தெரிவாகின்றாள் எனக் கொள்வோம். முற்பகலிற் கூட்டம் கூடின் அவள் இழப்பது ஒருநாட் கூலி. லீவு பெற்றுவரும் உத்தியோகத்தருக்குச் சம்பளம் குறைவதில்லை. விதி இருவரையும் சமமாக நடத்துகின்றது. வாழ்க்கை அவ்வாறு நடத்துவதில்லை. அவள் மௌனமாக விலகும்போது, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று கூறிவிடுகின்றோம்.

புத்தூரை உள்ளடக்கிய பிரதேச சபையின் உறுப்பினருக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. அது தொண்டுக்கு இழுக்கெனக் கருதப்படுவதில்லை. பாராளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் வேண்டுமெனப் பிரித்தானியச் சாசன இயக்கத்தினர் 1838 இல் கோரியதும், உழைப்பாளரும் அங்கு அமரவேண்டும் என்பதற்காகவே. அக்கோரிக்கை 1911 இலேயே நிறைவேறியது. 1871 இன் பாரிஸ் கொம்யூன் மறுபக்கத்தையும் உணர்த்திற்று: பொதுப்பணிக்கு ஊதியம் வேண்டும், அது தொழிலாளியின் கூலியை ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும்.

எனவே நாம் வேண்டுவது பதவிச் சம்பளமன்று. கூட்டநாளில் இழந்த கூலிக்கான ஈடு. அதனை அரசே வழங்குதல் வேண்டும். பெற்றோரின் சந்தாவிலிருந்து வழங்கின் ஏழையின் பணமே ஏழைக்குத் திரும்பும். கொடுப்பனவு மாத்திரம் சாதியாதிக்கத்தை அகற்றிவிடாது என்பதும் உண்மையே. ஆனால், அதனை எதிர்த்துப் பேசவேண்டியவர் முதலிற் கூட்டத்திற்கு வந்துசேர வேண்டுமல்லவா?