பதின்மூன்று கோல்களும் ஒரு சங்கமும்

சென்ற வாரம் ஹங்கேரி தேசத்து ஷாண்டோர் கோச்சிஸ் 1954-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் 11 கோல்கள் அடித்த வரலாற்றைக் கண்டோம். நான்கே ஆண்டுகளில் அந்த எண்ணைத் தாண்டி, ஒரே போட்டித் தொடரில் 13 கோல்கள் அடித்து, தாம் மறையும் வரையில் அந்தச் சாதனையை வேறெவரும் நெருங்கக் காணாமலே வாழ்ந்து முடிந்தவர் பிரான்சு தேசத்து ஜுஸ்ட் ஃபோன்டேன். அந்தப் பதின்மூன்றைப் பற்றிக் கேள்விப்படாத கால்பந்து ரசிகர்கள் அபூர்வம். அதே மனிதர் கால் முறிந்து ஆட்டத்தை இழந்துகொண்டிருந்த நாட்களில் தம்மைப் போன்ற ஆட்டக்காரர்களுக்காக ஏற்படுத்திய ஸ்தாபனத்தை அறிந்தவர்களோ வெகு சொற்பம். என் அபிப்பிராயத்தில் இரண்டாவதே பெரிய காரியம். ஆயினும் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமை விளங்காது.

பிரெஞ்சுப் பாதுகாப்பில் அன்று இருந்த மொராக்கோவில், மர்ராகேஷ் நகரில், 1933 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஒரு பிரெஞ்சுத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்த ஃபோன்டேன், காஸாபிளாங்காவில் ஆடிப் பழகி, 1953-இல் மத்தியதரைக்கடற்கரை நகரமான நீஸுக்கு வந்து சேர்ந்தார். அவ்வருஷ டிசம்பரிலேயே தேசிய அணியில் இடம் பெற்று, லக்ஸம்பர்க்குக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தும், அவ்வணியில் ஸ்திரமான இடம் அவருக்கு நெடுநாள் கிட்டவில்லை. 1956-இல் ரேமோன் கோப்பா ரீம்ஸ் கிளப்பை விட்டு ரியல் மாட்ரிட் சென்றபோது, ரீம்ஸ் தன் முன்களத்துக்கு ஃபோன்டேனை அழைத்துக்கொண்டது. அங்கே 1957-58 பருவத்தின் நடுவில் முழங்காலில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட பின்பும், 26 லீக் ஆட்டங்களில் 34 கோல்கள் அடித்தார். லீக் பட்டமும் பிரெஞ்சுக் கோப்பையும் அவ்வாண்டு ரீம்ஸுக்கே வந்தன.

அவர் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டும் ஆட்டக்காரர் அல்லர். நெட்டையான தேகமும் இல்லை. எதிரணியின் பின்களத்தில் ஒரு கணம் திறக்கும் இடைவெளியைப் பிறருக்கு முன்னே உணர்ந்து அதற்குள் பாய்ந்துவிடும் வேகமும், இரண்டு கால்களாலும் தயக்கமின்றி அடிக்கும் நிதானமும், பந்து வரும் கதியை அளந்து தலையால் முட்டும் சாமர்த்தியமும் அவருடைய மூலதனங்கள். இத்தகைய ஒருவருக்குப் பந்து தரத் தெரிந்த துணை வேண்டும். 1958 கோடையில் மாட்ரிடிலிருந்து தேசிய அணிக்கு வந்து சேர்ந்த கோப்பா அந்தத் துணையானார். அவர் பின்னோக்கி இறங்கிப் பந்தைப் பெற்று, தம்மைத் தொடர்ந்து வரும் தடுப்பாளர்களைத் தம் கால்களின் மாயத்தில் கட்டிவைத்து, அவர்கள் விட்டுவந்த வெறுமையான இடத்துக்குப் பந்தை அனுப்புவார். அது போய்ச் சேருமுன் ஃபோன்டேன் அங்கே இருப்பார். ஸ்வீடனில் ஒரே அறையில் தங்கியிருந்த இவ்விருவரின் ஒத்துணர்வே அவ்வருஷத்துப் பிரெஞ்சு அணியின் ஜீவநாடி என்று சொல்லலாம். ரீம்ஸையும் தேசிய அணியையும் ஒருசேரப் பயிற்றுவித்த ஆல்பேர் பத்தூ, குறுகிய பாஸ்களைக் கொண்ட தாக்குதல் ஆட்டத்தில் பற்றுடையவராக இருந்ததும் இவர்களுக்கு அனுகூலமாயிற்று.

முன்கள இடத்துக்குப் போட்டியாக இருந்த ரெனே ப்ளியார் காயமுற்றபடியால்தான் ஃபோன்டேனுக்கு அந்த வாய்ப்பு உறுதியாயிற்று. அதன் பின்னும் சோதனை வந்தது. பயிற்சியின்போது அவருடைய பூட்ஸ் கிழிந்துபோக, இலவசமாகத் தர எந்தக் கம்பெனியும் முன்வராத அக்காலத்தில், அதே அளவுக் கால் கொண்ட ஸ்தெஃபான் ப்ருவே என்ற மாற்று ஆட்டக்காரரின் பூட்ஸை இரவல் வாங்கி அணிந்துகொண்டார். உலக சரித்திரத்தில் இடம் பெற்ற அந்தப் பதின்மூன்று கோல்களும் இரவல் பூட்ஸில் அடிக்கப்பட்டவை.

ஜூன் 8-ஆம் தேதி பராகுவேயை 7-3 என்று வென்றபோது மூன்று. யூகோஸ்லாவியாவிடம் 2-3 என்று தோற்றபோது இரண்டு. ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று. கால் இறுதியில் வட அயர்லாந்துக்கு எதிராக இரண்டு. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோல்னா நகரில் 24-ஆம் தேதி நடந்த அரையிறுதியோ வேறு தரத்தைச் சேர்ந்தது. அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோலும் விட்டுக்கொடுக்காத பிரேசில் இரண்டாம் நிமிடத்திலேயே முன்னிலை பெற்றுவிட, ஒன்பதாம் நிமிடத்தில் கோப்பா அனுப்பிய பந்துடன் ஊடுருவிச் சென்று, கோல் கீப்பர் ஜில்மாரையும் கடந்து ஃபோன்டேன் அடித்த கோல், அத்தொடரில் பிரேசில் வாங்கிய முதல் கோலாகும். முதற்பாதியில் பிரெஞ்சுத் தலைவர் ரொபேர் ஜோங்கே கால் அடிபட்டு நொண்டலானார். மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடந்தராத காலம் அது. ஏறத்தாழப் பத்துப் பேராகிவிட்ட அணி, பதினேழு வயதுப் பெலே அடித்த மூன்று கோல்களுக்கு ஆளாகி, 2-5 என்று தோற்றது. ஜோங்கே நலமாயிருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று இன்றளவும் பிரான்சில் வாதிப்பவர்கள் உண்டு. பிரேசிலின் அணி எப்படியும் வென்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கு நாட்களுக்குப் பின் கோதன்பர்க்கில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், முந்திய உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனியை பிரான்சு 6-3 என்று தோற்கடித்தது. அதில் ஃபோன்டேன் அடித்தவை நான்கு. கிடைத்த பெனால்டியை அடித்தவரோ கோப்பா. மொத்தத்தில் 21 நாட்களில் ஆறு ஆட்டங்கள், 13 கோல்கள், அவற்றில் ஒன்றுகூடப் பெனால்டி அல்ல. அதிகக் கோல் அடித்தவருக்குத் தங்கப் பூட்ஸ் வழங்கும் வழக்கம் இன்னும் தோன்றாத அந்நாளில், ஒரு ஸ்வீடிஷ் பத்திரிகை அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தது.

மறு வருஷம் ஐரோப்பியக் கோப்பையிலும் 10 கோல்களுடன் அவரே முதல்வரானார். இறுதியாட்டத்தில் மட்டும் ரீம்ஸ் ரியல் மாட்ரிடிடம் தோற்றது. அந்த உச்சத்திலிருந்து வீழ்ச்சி வெகு விரைவில் வந்தது. 1960 மார்ச்சில் ஸோஷோ அணியுடனான ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்து மைதானத்துக்குத் திரும்பியவருக்கு, 1961 ஜனவரியில் மீண்டும் முறிந்தது. 21 சர்வதேச ஆட்டங்களில் 30 கோல்கள் என்ற கணக்கோடு, 1962-இல், இருபத்தொன்பது வயது நிரம்புமுன், அவர் ஓய்வு பெற்றார்.

இரண்டாம் முறிவுக்கும் ஓய்வுக்கும் இடைப்பட்ட அந்த வேதனைக் காலத்தில்தான், 1961 நவம்பர் 16-ஆம் தேதி, தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கம் பிரான்சில் உதயமாயிற்று. கேமரூனிலிருந்து வந்து செயிந்த் எத்தியேன் அணியில் புகழ்பெற்று, சட்டமும் படித்த யூஜேன் ந்ஜோ லேயா, வழக்கறிஞர் ஜாக் பெர்த்ரான் ஆகியோருடன் சேர்ந்து அதை நிறுவியவர் ஃபோன்டேன். அதன் முதல் தலைவரும் அவரே. இந்தச் சங்கத்தின் அவசியத்தை உணர அந்நாளைய ஒப்பந்தத்தை அறிய வேண்டும். இளமையில் ஒரு கிளப்பில் கையொப்பமிட்ட ஆட்டக்காரன், முப்பத்தைந்து வயது வரை அந்தக் கிளப்புக்குக் கட்டுப்பட்டவன். கிளப் விரும்பினால் அவனை வேறொரு கிளப்புக்கு விற்கலாம். அவன் விரும்பினால், கிளப்பின் சம்மதமின்றி எங்கும் போக முடியாது. ஓடும் கால்களை நம்பிப் பிழைப்பவனுக்கு முப்பத்தைந்துக்குப் பின் எத்தனை நாள் ஜீவனம் மிஞ்சும்? குத்தகை நிலத்தோடு சேர்த்தே கைமாறிய பண்ணையாட்களின் நிலைக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

தமக்கு இனி அதனால் லாபம் ஒன்றும் இராது என்பதை முறிந்த கால் உணர்த்திக்கொண்டிருந்த வேளையில், தேசமே கொண்டாடிய தம் பெயரை ஃபோன்டேன் இந்தக் காரியத்துக்கு ஈடாக வைத்தார் என்பதே அவரிடம் நான் காணும் மேன்மை. பெயர் பெறாத இளைஞன் ஒருவன் கேட்டிருந்தால் அவனை மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிடுவது நிர்வாகிகளுக்குச் சுலபம். பதின்மூன்று கோல் அடித்தவரின் குரலை அப்படி அலட்சியப்படுத்த இயலாது.

அவருடைய பிற்காலப் பயிற்சியாளர் வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் தேசிய அணி அவர் பொறுப்பில் இரண்டே ஆட்டங்கள் ஆடி, இரண்டிலும் தோற்றது. 1974-இல் பாரிஸ் ஸான் ஜெர்மேன் கிளப்பை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். பிறந்த மண்ணான மொராக்கோவின் அணியை 1980 ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கு இட்டுச் சென்றார். 2023 மார்ச் முதல் தேதி காலமானார்.

சங்கமோ விடாப்பிடியாக உழைத்து, 1969-இல் காலவரையறை கொண்ட ஒப்பந்தம் என்ற உரிமையைப் பெற்றுத் தந்தது. குறித்த வருஷங்கள் முடிந்ததும் ஆட்டக்காரன் தன் எஜமானைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்ற நிலை அதன்பின் வந்தது. அந்த எட்டு வருஷப் போராட்டத்தின் நடுவில், 1963-இல், ஆட்டக்காரர்கள் அடிமைகளே என்று பத்திரிகையில் பகிரங்கமாகக் கூறித் தண்டனையும் பெற்றவர் வேறு யாருமல்லர், ஸ்வீடனில் ஃபோன்டேனுக்குப் பந்தளித்த அதே ரேமோன் கோப்பாதான். சுரங்கத் தொழிலாளியின் மகனான அவருடைய வரலாற்றை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)