பாமாலையும் கீர்த்தனையும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகளில் சபைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இரண்டு பாட்டுப் புத்தகங்கள் பழக்கம்: பாமாலை, கீர்த்தனை. இரண்டும் இயேசுவைத்தான் பாடுகின்றன, கட்டுமானம்தான் வேறு.

பாமாலையில் பெரும்பகுதி ஐரோப்பியப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. மெட்டும் அங்கிருந்து வந்ததே. பாடகர் குழுவில் நான்கு வகைக் குரல்கள், ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் பிடிக்கும். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் தமிழ் குறில் நெடில் கணக்கில் நடக்கிற மொழி. அயல் மெட்டில் ஏற்றும்போது குறில் நீள்கிறது, நெடில் சுருங்குகிறது, சில இடங்களில் சொல்லே இரண்டாக உடைகிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் இசையிலேயே கீர்த்தனைகளைக் கட்டினார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னருக்கு வேண்டியவர். அரசவையில் செழித்த குறவஞ்சி என்ற பாட்டு நாடக வடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். அனுபல்லவி மேலே ஏறும். சரணங்கள் கதையைச் சொல்லும். எதுகையும் மோனையும் தாளத்தோடு சேர்ந்து விழுவதால், எழுத்தறியாத சபையாரும் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் இத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார்.

பசிபிக் கடலின் தஹீதித் தீவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1797-இல் லண்டன் மிஷனரிகள் அங்கே இறங்கி ஞானப்பாட்டுகளைக் கற்பித்தார்கள். தீவு மக்கள் அவற்றைத் தங்கள் பழைய பாட்டுமுறையோடு கலந்து 'ஹிமெனே தாரவா'வை உருவாக்கினார்கள். வாத்தியம் கிடையாது. ஆண்கள் அடித்தொண்டையில் தாளம் போல் முழங்க, அதன்மேல் பல குரல்கள் அடுக்கடுக்காக எழும்; எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் குரல் தனியே பறக்கும். இன்று பாப்பேத்தே நகரின் ஜூலை விழாவில் ஊர்க் குழுக்கள் இதில் போட்டியிடுகின்றன. தீவின் பழங்கதைகளையும் இதிலேயே பாடுகிறார்கள். அவர்கள் குரல்களை அடுக்கினார்கள். நம்மவர்கள் ஒற்றைக் குரலுக்குள் ராகத்தின் வளைவுகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் சம உயரத்துச் சாதனைகள் என்பேன்.

ஒரு கவலை உண்டு. கீர்த்தனைப் புத்தகத்தில் 'ஆனந்தபைரவி, ஆதி தாளம்' என்று தலைப்பு இருக்கும். பெரும்பாலும் சுரக்குறிப்பு இருக்காது. மெட்டு செவிவழியாக வந்தது, அதுவும் ஊருக்கு ஊர் மாறும். இப்போது கீபோர்டு அந்த வளைவுகளை நேர்க்கோடாக்கிக்கொண்டிருக்கிறது. தம்பி, தங்கைகளே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் ஆச்சி பாடும் கீர்த்தனைகளை வாத்தியம் சேர்க்காமல் கைப்பேசியில் பதிவுசெய்துவிடுங்கள்.