பசி திரும்பும்போது

உடற்பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் முதல் ஆண்டு அனுபவத்தைச் சொல்லக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஓர் இட்லியில் வயிறு நிறைந்துவிடும். உணவு வேளை வந்ததை வீட்டார்தாம் நினைவூட்ட வேண்டியிருக்கும். பல்லாண்டுகளாகத் தம்மை ஆட்டிப்படைத்த பசி எங்கோ ஒளிந்துகொண்டதாகத் தோன்றும். பின்னர், மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ, அது மெல்லத் திரும்பி வருகிறது. இரண்டு இட்லியுடன் எழுந்தவர் மூன்றாவதைத் தேடுகிறார். மாலை நான்கு மணிக்குக் கை தானாகவே மிக்சர் டப்பாவை நோக்கிச் செல்கிறது. எடை பார்க்கும் கருவியில் இரண்டு, மூன்று கிலோ கூடியிருக்கிறது.

இந்நிலையில் பலரும் செய்யும் முதற்காரியம், மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுவதே. "இவ்வளவு செலவு செய்தும் காப்பாற்றத் தெரியவில்லையே என்று கேட்பார்களே" என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது. பசியைவிட இக்கூச்சமே அதிகத் தீங்கு விளைவிக்கிறது. பசி திரும்புவது எதிர்பார்க்கத்தக்க உடலியல் நிகழ்வு. அதை மறைக்காமல், அதன் வகையறிந்து நடந்துகொண்டால், பெற்ற பயனின் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

ஏன் திரும்புகிறது?

நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதைக் குழாய் வடிவில் அமைக்கும் 'ஸ்லீவ்' முறை ஒன்று. இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை போன்ற அமைப்பை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கும் 'பைபாஸ்' முறை மற்றொன்று. இவை வயிற்றின் கொள்ளளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அப்பகுதி அகற்றப்படுவதால் பசி அடங்குகிறது. உணவு விரைவாகச் சிறுகுடலை அடைவதால், நிறைவுணர்வைத் தரும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரக்கின்றன.

எனினும் எடை இழப்பை உடல் ஒரு பஞ்சகாலமாகவே கருதுகிறது. உடல் சிறுத்தபின் அது செலவிடும் ஆற்றலும் குறைகிறது. இழந்த எடையை மீட்கும்படி மூளை பசியைத் தூண்டுகிறது. காலப்போக்கில் எஞ்சிய இரைப்பையும் சற்றே நெகிழ்ந்து, முன்பைவிடக் கூடுதலான உணவை ஏற்கிறது.

சுவீடனில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நீண்டகால ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாகத் தம் எடையில் 32 விழுக்காட்டை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அவ்விழப்பு 25 விழுக்காடாக இருந்தது. 120 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அவர் எடை ஏறத்தாழ 82 கிலோவாகக் குறைந்து, பின்னர் 90 கிலோவில் நிலைபெறுகிறது. கூடிய எட்டு கிலோவைக் கண்டு கலங்குபவர், இன்னமும் முப்பது கிலோ குறைந்தே இருப்பதை மறந்துவிடுகிறார்.

எந்தப் பசி இது?

பசி என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். வேளைக்கு உண்டு நான்கைந்து மணி நேரம் சென்றபின், எதைக் கொடுத்தாலும் உண்ணலாம் என்று தோன்றுவது வயிற்றுப் பசி. உண்ட ஒரு மணி நேரத்திற்குள், குறிப்பிட்ட ஒரு பலகாரத்தின் மேல் மட்டும் எழுவது பெரும்பாலும் மனத்தின் நாட்டம். சலிப்பு, கவலை, தூக்கமின்மை ஆகியவை இதை வளர்க்கும். தாகமும் சில வேளைகளில் பசியாகத் தோன்றும். ஒரு குவளை நீர் அருந்திப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

மருத்துவரின் கவனத்திற்கு உரியவை வேறு சில. பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு, இனிப்போ மாவுப்பொருளோ உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்புடன் கடும் பசி எழும். அப்போது மேலும் இனிப்பையே நாடினால் இச்சுழல் தொடரும். நீரிழிவு மருந்தின் அளவு, குறைந்த எடைக்கேற்ப மாற்றப்படாமல் இருந்தாலும் சர்க்கரை தாழக்கூடும். மேல்வயிற்றில் எரிச்சலோ வலியோ இருப்பின், அது பசியாக இல்லாமல் புண்ணாகவோ அமிலம் மேலேறுவதாகவோ இருக்கலாம். பச்சை அரிசியையோ பனிக்கட்டியையோ மெல்லத் தோன்றும் ஆவல், இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் பசியையோ எடையையோ கூட்டலாம். அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது. மருத்துவரிடம் சொல்லி மாற்றுவழி கேட்க வேண்டும்.

தட்டில் செய்ய வேண்டியவை

முதலிடம் புரதத்திற்கு. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான வழிகாட்டல். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் புரதம் உள்ளது. ஓர் இட்லியில் இருப்பதோ இரண்டு கிராம் அளவே. தென்னாட்டுச் சோறாயினும் வடநாட்டு ரொட்டியாயினும் நம் தட்டில் மாவுப்பொருளே நடுநாயகமாக வீற்றிருக்கிறது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, பிறகு காய்கறி, இறுதியில் சோறு அல்லது ரொட்டி என்று வரிசையை மாற்றினாலே நிறைவுணர்வு நெடுநேரம் நிற்கும்.

அடுத்து, வழுக்கிச் செல்லும் உணவுகளைக் குறித்த விழிப்பு. சுருங்கிய இரைப்பை ஒரு துண்டு மீனை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். இனிப்பு லஸ்ஸி, ஐஸ்கிரீம், தேநீரில் நனைத்த பிஸ்கட், வாயில் கரையும் நொறுக்குத்தீனி ஆகியவை அங்கே தங்குவதில்லை. இரண்டு கரண்டி சர்க்கரையுடன் நாளொன்றுக்கு நான்கு கோப்பைத் தேநீர் அருந்தினால், 40 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 160 கலோரி, வயிறு நிறையாமலேயே உட்செல்கிறது. உணவோடு நீரையும் பருகினால் உணவு விரைந்து இறங்கிவிடும் என்பதால், உணவுக்கும் நீருக்கும் அரைமணி நேர இடைவெளி விடுமாறு அறிவுறுத்துகின்றனர். மதுவைத் தவிர்ப்பதே நலம். பைபாஸுக்குப் பின் அது விரைவாகவும் கடுமையாகவும் இரத்தத்தில் ஏறும்.

மூன்றாவது, வேளை ஒழுங்கு. நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கொறிப்பதே எடை கூடுவதற்குப் பெரிய வாயில். மூன்று வேளை உணவும், தேவையெனில் திட்டமிட்ட ஒரு சிற்றுண்டியும் போதும். தசையைக் காக்கும் உடற்பயிற்சியும் போதிய உறக்கமும் பசியை அடக்கும் துணைவர்கள்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. "இன்னும் ஒரு கரண்டி" என்று பரிமாறுவது நம் விருந்தோம்பலின் அழகு. ஆயின் இவர்களுக்கு அது அன்பான இடையூறு. எடை கூடியதைச் சுட்டிக் கேலி செய்தல் அதனினும் தீது. கேலிக்கு அஞ்சுபவர் மறைவில் உண்ணத் தொடங்குவார்.

மருத்துவரிடம் மீண்டும் செல்லுதல்

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் தேவை. எடையுடன், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றின் அளவும் பார்க்கப்படும். துணைச்சத்து மாத்திரைகளை இடையில் நிறுத்துதல் கூடாது. பசி மிகுந்தால், உணவியல் ஆலோசனை, மனநல ஆலோசனை, மருந்து என்னும் வழிகள் உள்ளன. செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற புதிய மருந்துகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன. இவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரண்டாம் அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, கறுத்த மலம் ஆகியவை கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவு குறித்தும் ஒரு சொல். உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கான காப்பீட்டு விதிகளில் வயது 18 நிறைந்திருத்தல், மருத்துவரின் பரிந்துரை, உடல் நிறைக் குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல், கட்டுப்படாத நீரிழிவு போன்ற குறிப்பிட்ட கடும் நோய்கள் உடனிருப்பின் 35 அல்லது அதற்கு மேல் என்னும் நிபந்தனைகள் உள்ளன. ஆயின் அதன்பின் வரும் ஆண்டுப் பரிசோதனைகளும் மாத்திரைகளும் பெரும்பாலும் கைச்செலவாகவே அமைகின்றன. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வருவோருக்கு, பணத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டிய நிலை வராது. இரண்டாம் அறுவை சிகிச்சைக்குக் காப்பு உண்டா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டறிதல் நன்று.

அறுவை சிகிச்சை செய்துகொண்டு நெடுநாளாக மருத்துவரைப் பாராதவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. எடை குறைந்தபின் செல்லலாம் என்று காத்திராமல், இந்த வாரமே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வார காலம் உண்டதையும், உண்ணத் தோன்றிய நேரங்களையும் ஒரு தாளில் எழுதி உடன் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பசி எவ்வகையினது என்பதை அத்தாளிலிருந்தே மருத்துவரால் கண்டுகொள்ளத் தொடங்க முடியும்.