கணுக்கால் மூட்டிணைப்பு அறுவைக்குப் பின்

விடியுமுன் எழுந்து, பனி நனைந்த புல்லிலும் மேட்டுச் சரிவிலும் நிரை நிரையாக நடந்து மரம் சீவும் தொழிலாளருக்குக் கால்களே மூலதனம் எனலாம். வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தோருள் சிலருக்கு, முறிவு கூடிய பின்னரும் வலி நீங்குவதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்வதே இதற்குக் காரணமாகும். மருந்தும் பயிற்சியும் பயனளிக்காதபோது, மருத்துவர்கள் மூட்டிணைப்பு அறுவையைப் பரிந்துரைப்பதுண்டு.

இவ்வறுவையில் எஞ்சிய குருத்தெலும்பை அகற்றி, எலும்புகளை நெருக்கி வைத்து, திருகாணிகளாலோ உலோகத் தகட்டாலோ இறுக்குவர். நாளடைவில் அவை ஒரே எலும்பாகக் கூடிவிடும். மூட்டு தன் அசைவை இழக்கும். அதற்கு ஈடாக வலி குறையும். திருகாணிகள் எலும்புகளைப் பிடித்து வைக்குமேயன்றி ஒட்ட வைப்பதில்லை. ஒட்ட வைப்பது நம் உடலே. அதற்குக் காலமும் பொறுமையும் தேவை என்பதை நாம் மறத்தலாகாது.

முதல் 3 மாதங்கள்

பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் வரை அக்காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அதன்பின் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்து மருத்துவர் இசைந்தால் மட்டுமே சிறிது சிறிதாக எடையைத் தாங்கச் செய்யலாம். எலும்புகள் உறுதிபெற ஏறத்தாழ 3 மாதங்கள் செல்லும். வீக்கம் முற்றும் வடிய ஓராண்டும் ஆகலாம். வலி இல்லையே என்று முன்னதாகவே காலை ஊன்றுவோருக்கு எலும்பு ஒட்டாமற்போய், மீண்டும் அறுவை செய்ய நேரிடக்கூடும்.

படுத்திருக்கும்போது தலையணைகளை அடுக்கி, காலை நெஞ்சைவிட உயரமாக வைத்தால் வீக்கம் குறையும். மாவுக்கட்டு நனையாதவாறு பிளாஸ்டிக் பையால் மூடி, நாற்காலியில் அமர்ந்து குளிப்பது நன்று. குந்தி அமரும் கழிவறையில் நடுவில் துளையிட்ட நாற்காலியைப் பயன்படுத்தலாம். படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது ஊன்றுகோலையும் நோயுற்ற காலையும் முதலில் வைக்க வேண்டும்.

புகைபிடித்தல் எலும்பு ஒட்டுவதைப் பெரிதும் தடுக்கும். வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் விலக்கத் தக்கதே. நீரிழிவு உள்ளோர் அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் இன்றியமையாதது. கால்விரல்கள் நீலமாதல், மரத்துப்போதல், காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டும் வேலைக்கு

குணமடைந்தோர் பலர் சமதரையில் இயல்பாகவே நடக்கின்றனர். ஆயினும் சரிவில் இறங்குதல், குந்தி அமர்தல், ஓடுதல், ஏணியேறி மேற்பட்டையைச் சீவுதல் ஆகியவை கடினமாகும். அசையாத மூட்டின் பணியை அருகிலுள்ள மூட்டுகள் ஏற்பதால், ஆண்டுகள் பல சென்றபின் அவையும் தேயக்கூடும். அடிப்பாகம் வளைந்த காலணி நடையை எளிதாக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத் தடையை வலக்காலால் மிதிக்க வேண்டியிருப்பதால், மருத்துவரின் அனுமதியின்றி அதனை ஓட்டலாகாது. மேட்டு நிரைக்கு மாறாகச் சமதரை நிரையோ, நாற்றங்கால் வேலையோ, பால் நிறுக்கும் வேலையோ தருமாறு, மருத்துவரின் கடிதத்துடன் நிர்வாகத்திடம் கேட்பதே முறை.

கூலி போய்விடுமே என்ற அச்சமே பலரை முன்கூட்டியே மரத்தடிக்கு அனுப்புகிறது. வேலையின்போதோ, வேலைக்குச் சென்று திரும்பும் வழியிலோ நேர்ந்த காயமாயின், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சந்தா செலுத்தப்பட்டுள்ள தொழிலாளருக்கு உதவி உண்டு. விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு பெற்றவருக்கு, சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாக வழங்கப்படுகிறது. ஆகவே, விபத்து நேர்ந்தவுடனே நிர்வாகத்திடம் தெரிவித்து, விடுப்புச் சான்றுகளைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். மலாக்காவில் இயங்கும் சொக்சோவின் மறுவாழ்வு மையத்தில் சந்தாதாரர்களுக்கு நடைப்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.

சில மாதப் பொறுமை பல்லாண்டு நடையைக் காக்கும். தண்ணீர் சுமப்பதையும் வீட்டு வேலைகளையும் குடும்பத்தார் சில காலம் பகிர்ந்து கொள்வார்களாயின், நோயுற்றவர் கவலையின்றி ஓய்வு கொள்வார்; விரைவில் தம் காலிலேயே நிற்பார்.